புல்லைக் காப்பாற்றியவர்கள்

மார்ச் 3

இன்றோடு எனக்கு எண்பத்தொரு வயதும் நான்கு மாதமும் நிறைகின்றன. பற்கள் பதினேழு, நாக்கு மட்டும் முழுதாக இருக்கிறது.

காலையில் அண்ணன் மகன் இனிப்போடு வந்தான். வயிறு அவனுக்கு முன்பே வந்து சேர்ந்தது.

"அத்தை, மைதானம் நமக்கே திரும்பி வருது!"

எதிர்த் தெருவில், நுழைவு வளைவில் அண்ணன் பெயர் பொறித்த மைதானம். குழந்தைகள் விளையாடவென்று நகராட்சிக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டது. அதை விற்கவோ அதில் கட்டடம் எழுப்பவோ நகராட்சிக்கு உரிமையில்லை. ஓராண்டு முழுதும் ஒருவருமே விளையாடாவிட்டால் நிலம் கொடுத்தவருக்கே திரும்பும். சென்ற ஏப்ரல் பத்தாம் தேதி நகராட்சி அங்கே புதுப் புல் பதித்தது. புல் கெட்டுவிடுமென்று கதவைப் பூட்டி, 'விளையாடத் தடை' என்று பலகையும் மாட்டியது. தானத்தைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி யாருக்குத் தோன்றும்!

"அடுத்த மாசம் வருஷம் முடியுது. கிடங்கு கட்டப்போறேன்."

"பிள்ளைங்க எங்கேடா போகும்?"

"அதுங்களுக்குத்தான் ஃபோன் இருக்கே."

இனிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அவன் பொறுப்பல்லன்.

மார்ச் 9

நகராட்சித் தலைவியைப் பார்த்தேன். புல்லைப் பற்றிப் பெற்ற மகளைப் போலப் பேசுகிறார்.

"கால் வச்சா கருகிடும்மா."

"காலே வைக்கலேன்னா கிடங்காயிடும்" என்று நிபந்தனையைச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

"ஐயையோ! பூட்டினது தீர்மானம் போட்டு. திறக்கவும் தீர்மானம் வேணும். அடுத்த கூட்டமே ஏப்ரல் பதினெட்டுதான்!"

"புல்லைப் பார்வையிட?"

"அதுக்கு நானே அனுமதி தரலாம்." சற்று யோசித்தார். பிறகு சிரித்தார். அறிவுள்ள பெண்தான், கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

மார்ச் 10

பந்து வாங்கினேன். "பேரனுக்கா?" என்றார் கடைக்காரர். "எனக்கு" என்றேன். கேளாமலே விலையைக் குறைத்தார்.

மார்ச் 12

பார்வையிட்டோம். தலைவி, காவலாளி, நான். நான் எறிந்த பந்து காவலாளியின் தொப்பியைத் தட்டியது. அதன்பின் அவர் பார்வையிடுவதை விட்டுவிட்டு விளையாடத் தொடங்கினார். வேலிக்கு வெளியே பிள்ளைகள் கூட்டம்.

"பாட்டி ஏமாத்துறாங்க! கோட்டைத் தாண்டிட்டாங்க!"

கோடே இல்லை. இருந்தாலும் தாண்டித்தான் இருப்பேன்.

அண்ணன் மகன் ஓடி வந்தான். "அத்தை! என்ன பண்றீங்க?"

"கண்ணு தெரியலையா? உன் வருஷத்தைக் கலைக்கிறேன்."

மார்ச் 13

இடுப்பு எனக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 18

மன்றக் கூட்டம். அண்ணன் மகன் எழுந்தான். "ஒரு கிழவி பந்து வீசினா அது விளையாட்டாகிடுமா? நிலத்தைக் கொடுத்தவரோட வாரிசு நான் கேக்கிறேன்."

கிழவியாம்! போகட்டும். அந்த இன்னொரு சொல்லுக்காகத்தான் எழுந்தேன்.

"கொடுத்தவர் செத்தப்புறம்தானேடா வாரிசு?"

யாருக்கும் விளங்கவில்லை. இத்தனை காலம் இந்த நாட்குறிப்பில்கூட எழுதாததைச் சொன்னேன். அப்பா அந்த நிலத்தை எழுதிவைத்தது எனக்கு. கொடுத்தவளும் நானே; தானப் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்துதான், வளைவைப் படித்தவர்கள் அதைப் படிக்கவில்லை. வளைவில் யார் பெயர் என்று கேட்டபோது அண்ணன் நோயில் படுத்திருந்தான். அவன் பெயரைச் சொன்னேன். அதைப் பார்ப்பதற்கென்றே எழுந்து நடக்கத் தொடங்கினான். அப்புறம் பத்து வருடம் நடந்தான்.

அண்ணன் மகன் உட்கார்ந்துவிட்டான். "அத்தை... நீங்களா?"

கதவைத் திறக்கத் தீர்மானம் நிறைவேறியது. தலைவி என்னருகே குனிந்தார். "வளைவுல பேரை மாத்திடலாமாம்மா?"

"அது அப்படியே இருக்கட்டும். அந்தப் பலகையை மட்டும் கழட்டுங்க."