முதுகில் இடிக்கும் கியர்

மே 11, ஞாயிறு

வண்டியைக் கழுவி வைக்கிறேன் என்றுதான் வீட்டுக்காரர் சொன்னார். நம்பி ஆட்டோவில் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தால் குவார்ட்டர்ஸ் வாசலில் என் கார் கட்டைகள்மேல் ஏறி நிற்கிறது. அடியில் இவருடைய கால்கள் மட்டும் தெரிகின்றன. பக்கத்தில் ஒரு பேசின் நிறையச் சிவப்பாக ஆயில். நான் கேக்குக்கு மாவு கலக்குகிற பேசின்.

"என்ன பண்றீங்க?"

"கியர்பாக்ஸைக் கொஞ்சம் டைட் பண்றேன். மெத்து மெத்துன்னு மாறிக்கினு இருக்குது."

அப்படி மாறத்தானே ஆட்டோமேட்டிக் வாங்கினேன்? முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. ரிட்டயராகிச் சென்னைக்குப் போன ஓர் ஆபீசரிடம், கேக் செய்து சம்பாதித்த காசில் வாங்கிய பழைய வண்டி. ஆர்.சி. புக்கில் தமயந்தி என்று என் பெயர்தான் இருக்கிறது. கணவர் செல்வகுமார் விருப்பம்போல் பிரிக்கலாம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவர் மொபைலை நான் இப்படிப் பிரித்துப் போட்டால் சும்மா இருப்பாரா?

ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மே 12

ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது யாரோ பின்னால் வந்து முட்டியதுபோல் ஓர் இடி. இரண்டிலிருந்து மூன்றுக்கு அதைவிடப் பெரிய இடி. வீட்டுக்கு வந்து கேட்டால் பெருமையாகச் சிரிக்கிறார்.

"மெதுவா மாறினா உள்ள தட்டு வழுக்கிக்கினு தேயுதுன்னு அர்த்தம். பிரஷர் ஏத்தி ஸ்பிரிங்கை மாத்திட்டேன். இனி டக்குனு பிடிக்கும். கியர் விழுந்தா முதுகுல தெரியணும். எங்க டம்பர்ல அப்படித்தான்."

மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் டம்பர் லாரிகளின் கியர்பாக்ஸைப் பிரித்தே தலை நரைத்தவர். மலை மாதிரி மண்ணைச் சுமந்துகொண்டு சுரங்கத்திலிருந்து மேடேறுகிற வண்டிக்கு முதுகில் தெரியட்டும். நான் ஏற்றுவது பட்டர் கிரீம்.

மே 13

கேக் மாவுக்குப் புதுப் பேசின் வாங்கினேன்.

மே 17

டவுன்ஷிப் பத்தொன்பதாம் பிளாக்கில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் கேக். போகும் வழியிலேயே பெட்டிக்குள் சரிந்து ஒரு பக்கம் நசுங்கிவிட்டது. புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தி, கத்தியால் பூசி மெழுகி, மேலே செர்ரி வைத்து மறைத்தேன். வியர்த்துக் கொட்டியது. அழுகையும் வந்தது, சொல்வதற்கென்ன.

பழைய ஸ்பிரிங்கையே போடுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போட்டுவிட்டாராம். "ஆக்சிலேட்டரை மெதுவா மிதி. ஓட்டத் தெரியணும்."

எனக்கு ஓட்டத் தெரியாது. சரி.

மே 22

மாதக் கடைசிக்கு ஆர்டர் குவிகிறது. அந்தக் காலத்து வாத்தியார்கள் பள்ளியில் சேர்க்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் மே, ஜூன் என்றே பிறந்த தேதி எழுதிவிட்டார்கள். அதனால் இந்த ஊரில் பாதிப் பேர் மே கடைசியிலும் ஜூன் கடைசியிலும்தான் ரிட்டயராகிறார்கள். வருஷத்தில் எனக்குச் சோறு போடுகிற மாதங்கள் இவை இரண்டு. இப்போது ஒரு கேக் கெட்டுப்போனால் அடுத்த ஷிஃப்ட் பஸ்ஸிலேயே எல்லா பிளாக்குக்கும் சேதி போய்விடும். அப்புறம் என்னிடம் யார் வருவார்கள்?

இவருடைய ஃபோர்மேன் தெய்வசிகாமணி சாரும் இந்த மாதம்தான் ரிட்டயர்டு. இரண்டு அடுக்கு கேக். இதற்காகவாவது சரிசெய்யுங்கள் என்று இன்னொரு முறை கேட்டேன். ஏன் கேட்டேன்? "சார் ஃபங்ஷன் முடியட்டும், பாக்கலாம்" என்றார். என்னத்தைப் பார்ப்பது?

மே 31, சனி

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எழுதிவிட்டால் அடங்குமோ என்னவோ.

சின்ன கேக்குகளை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அடுக்கு கேக் ஆட்டோவுக்குள் நுழையாது. "நான் பிடிச்சுக்கறேன், நீ ஓட்டு" என்று இவர் பின் சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். மெதுவாகத்தான் மிதித்தேன். சத்தியமாக மெதுவாகத்தான். இரண்டாவது கியரில் "ஒண்ணும் ஆவல, போ" என்றார். மூன்றாவதில் மேல் அடுக்கு அப்படியே அவர் சட்டையில் வந்து உட்கார்ந்தது.

ரெக்ரியேஷன் கிளப்பில் எல்லாரும் மாலையோடு காத்திருந்தார்கள். "ரோட்டுல குழி சார்" என்றார் கூசாமல்.

"குழி இல்லைங்க. இவரு என் கார் கியர்பாக்ஸை டம்பர் மாதிரி ஆக்கிட்டாரு" என்றேன். தலைகுனிவார் என்றுதான் சொன்னேன்.

நடந்தது என்ன? இவருடைய செக்‌ஷனே காரைப் பார்க்க வெளியே ஓடியது. எந்த ஸ்பிரிங், எவ்வளவு பிரஷர் என்று விசாரணை. ஆளுக்கொரு ரவுண்டு. கழுத்தில் மாலையோடு தெய்வசிகாமணி சாரும் ஓட்டிவிட்டு வந்து, "நல்லா பிடிக்குதுப்பா" என்று சட்டையெல்லாம் கிரீமாக நின்ற இவர் முதுகில் தட்டினார். என் வண்டி. என்னைக் கேட்காமல் என் வண்டி.

சார் மனைவி கஸ்தூரியம்மாள் மட்டும் உள்ளேயே இருந்தார். கீழ் அடுக்கில் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். "ருசி நல்லாத்தாம்மா இருக்குது. ஆனா பொண்ணு வளைகாப்புக்கு வேற எடத்துல சொல்லிக்கறோம், தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

ஜூன் 1

இந்த ஆளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 4

ஜூன் கடைசிக்குச் சொல்லியிருந்தவர்களில் பாதிப் பேர் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒருவர்கூடக் காரணம் சொல்லவில்லை. இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 7

மந்தாரக்குப்பத்தில் கார்முகிலின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தம்பி மாதிரி பழகுகிற பையன்தான், ஆனால் தயங்கினான்.

"அண்ணன் செஞ்ச வேலையாச்சேக்கா. நான் கை வெச்சா கோவிச்சுக்குவாரு."

"வண்டி யாருது?"

"உங்களுது."

"அப்ப கழட்டு."

இதே மாடல் வண்டி ஒன்று உடைக்க வந்து கிடக்கிறதாம், அதிலிருந்து ஸ்பிரிங் எடுத்துப் போடுகிறேன் என்றான். பழைய மாதிரியே மாற வேண்டும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வந்தேன்.

ஜூன் 10

நான் சொல்வதற்குள் கம்பெனி பஸ்ஸிலேயே அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பையை வீசிவிட்டுக் கத்தினார்.

"பிரைவேட்காரன் என் வேலையில கை வெச்சிருக்கான். செக்‌ஷன்ல எப்படி நிப்பேன்?"

"என் கேக்கோட அன்னைக்கு நான் நின்னேனே, அப்படி நில்லுங்க."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். பசித்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

ஜூன் 18

வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் தோன்றவில்லை. இவ்வளவு கோபம் ஒரு ஸ்பிரிங்குக்கா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. அன்றைக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 30

மிஞ்சிய ஆர்டர் கொஞ்சம்தான். அதில் ஒன்று இவர் செக்‌ஷன் ஆள் விஜயராஜ் வீட்டு ரிட்டயர்மென்ட் விருந்துக்கு. அடுக்கு கேக். பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் ஸ்டாப்பில் இவர் நின்றிருந்தார். அதே விருந்துக்குப் போகிறவர்தான், பஸ்ஸை விட்டிருக்கிறார். கையைக் காட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். நிறுத்தினேன். பின்னால் ஏறி, பெட்டியை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு, "இப்ப எந்த கியர்ல போவுது?" என்றார். அத்தனை நாளில் முதல் பேச்சு.

"மூணு."

கண்ணாடியில் பார்த்தேன், பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயராஜ் வீட்டு வாசலில் இறங்கியதும், "நாளைக்கு எனக்கு ஆஃப். சாவி குடுக்கறியா? ஆயில் லெவல் மட்டும் பாத்துட்டு வெச்சிடறேன்" என்றார். இந்த வண்டி விஷயத்தில் அவர் என்னைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வேண்டாம் என்றேன்.

சரி என்றார். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கேக்கைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தார்.