அவள் நன்றி சொல்லவில்லை, அண்ணே

அண்ணே,

உங்கள் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை முந்தாநாள் உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்ததும் புது மை வாசம். நேரே அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினேன். சாகும் முன்னாடியாவது திருத்தியிருப்பீர்கள் என்று நம்பிய என் புத்தியைச் சொல்ல வேண்டும். அதே வரி அப்படியே இருந்தது.

அந்த ஊமைப்பட டைரக்டருக்காக எத்தனை வருசம் அலைந்தீர்கள். மதராசில் போட்டோ பிடித்தவர், கையால் சுற்றும் கேமராவோடு கப்பலேறி இங்கே வந்தவர், ஏழெட்டுப் படம் எடுத்தவர். பேசும் படம் வந்ததும் யாரும் சீந்தாமல், வாடகை அறையில் தனியாகச் செத்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் குரல் கம்மும். அப்பா செத்தபோதுகூட உங்களுக்கு அப்படிக் கம்மியதில்லை.

அவர் எடுத்ததில் மிஞ்சியது நம் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிடித்த ஒரே படச்சுருள். ஹட்டன் வீட்டில் அதை லெப்டொப்பில் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "நம்ம ஆளுகள என்னா அழகா எடுத்திருக்காரு பாரு." முதலில் 'மலைமகளின் மகிழ்ச்சி' என்று எழுத்து வந்தது. பிறகு கொழுந்துக் கூடையோடு ஒரு பெண், கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"அவ சொல்றது எனக்குத் தெரியுதுண்ணே," என்றேன். நீங்கள் படித்து வாத்தியாரானபோது நான் தேயிலை ஃபெக்டரிக்குப் போனவள். அந்த மிஷின் இரைச்சலில் காது எதற்கும் உதவாது. எதிரில் நிற்பவள் உதட்டைப் பார்த்துத்தான் அங்கே பேச்சு, சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாமே. மூன்று தடவை மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

"புள்ள அழுவுதுங்க. பாலு குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

ஓரத்தில் மரத்தில் கட்டிய துணித்தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதுவரை நீங்கள் அதைக் கண்டதே இல்லை. நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

புத்தகத்தில் என்ன எழுதினீர்கள்? 'அப்பெண் இயக்குநருக்கு நன்றி கூறிப் புன்னகைக்கிறாள்.'

கேட்டதற்கு, "அந்த மனுசன் பேரு கெட்டுரும்மா. ஃபெக்டரில வேல செஞ்ச தங்கச்சி சொன்னான்னு எழுதினா படிச்சவன் சிரிப்பான்," என்றீர்கள். அவள் நன்றி சொன்னாள் என்று உங்களுக்கு எந்தப் படிச்சவன் சொன்னான்? அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்கிறேன். அம்மா உங்களையும் துணித்தொட்டிலில் போட்டுவிட்டுத்தானே கொழுந்து பறிக்க மலை ஏறினாள்? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

நேற்று ஹட்டனில் உங்கள் நினைவுக் கூட்டம். ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளினார்கள். பிறகு அந்தச் சுருளைப் போட்டார்கள். அவள் உதடு அசைந்ததும் நான் எழுந்து, அவள் சொன்னதை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மேடையில் இருந்தவர்கள் முகம் சுண்டிப்போனது. உங்களுக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

உங்கள் மகள்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் அவள் கைக்குழந்தை.

"போக விட்டாங்களா அத்தை?"

தெரியவில்லை அண்ணே. சுருள் அந்தச் சிரிப்போடு அறுந்துவிடுகிறது. உங்கள் மேல் உள்ள கோபம் எனக்குப் பெரிய சுமையில்லை. அந்தப் பிள்ளைக்குப் பால் கிடைத்ததா என்பதுதான் இத்தனை வருசமாக என்னைத் தின்கிறது. உங்களுக்கு ஒரு நாளும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.