பூஜ்யமாகிப் போன நிழல்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலம் பற்றிக் கேட்கவில்லை, நன்றாகத்தான் இருப்பாய்.

உன்னோடு வேலை பார்க்கும் பெண் போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். எக்ஸ்ரே அறையில் என் பக்கத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்து, எக்ஸ்ரேயில் கட்டி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நீ போட்டுக்கொடுத்த புரோகிராமைச் சோதித்தாள். அத்தானின் பழைய எக்ஸ்ரே படத்தையும் அதில் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னாள். புரோகிராமுக்குள் இருக்கும் நெட்வொர்க் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து ஏற்கெனவே பழகியதாம். ஒவ்வொரு அடுக்கிலும் எந்த எண்ணை எவ்வளவு மேலே அனுப்புவது என்று தீர்மானிப்பது ஆக்டிவேஷன் ஃபங்ஷனாம். பழகும்போது இருந்தது, பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதையும் கொஞ்சம் கசிய விடுமாம். நீ மாற்றி வைத்தது, கீழே போனதையெல்லாம் ஒரேயடியாகப் பூஜ்யமாக்கிவிடுமாம்; லேசான நிழல் அதோடு தொலைந்துபோகுமாம். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் வேகமாக ஓட வேண்டும் என்று மாற்றினாய். மாற்றிய பிறகு அதை மறுபடி பழக்கவில்லை.

"ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தேன்க்கா. பழசுல தெரியுது, புதுசுல தெரியல" என்றாள். திரையில் அத்தானின் வலது நுரையீரலில், பட்டாணி அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். பதினோரு மாதத்துக்கு முன்னால் எடுத்த படம், தம்பி. அப்போது வெட்டி எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். இப்போது புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது.

என்னையும் விட்டுவிட மாட்டேன். அன்றைக்கு அந்த இடத்தில் லேசாக ஏதோ மங்கலாகத் தெரிந்தது. இருபது வருடமாகப் படம் எடுக்கிறவளுக்குத் தெரியாதா? மெஷின் ஒன்றுமில்லை என்றது. என் தம்பி செய்தது என்று வாயை மூடிக்கொண்டேன்.

நோய் தெரிந்ததும் உனக்கு போன் செய்தபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நூத்துல தொண்ணூத்தேழு சரியா சொல்லுதுக்கா." அந்த மூன்றில் ஒன்று பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரி அமைத்த விசாரணைக் குழுவிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன், என் பங்கையும் சேர்த்து. உன் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன்.

அத்தானுக்கு எதுவும் தெரியாது. ஊசி போட வரும் நர்சுகளிடமெல்லாம், "உங்க எக்ஸ்ரே மெஷினுக்கு மூளை வச்சது யாருன்னு நினைக்கிறீங்க? என் மச்சான்!" என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

அடுத்த வாரத்துக்குள் வா. வந்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார். அவர் உன்னைப் புகழ்வார், கேட்டுக்கொண்டிரு. அழாதே, உண்மையைச் சொல்லிவிடாதே. சொன்னால் அந்த மனிதர் உன்னை மன்னித்துவிடுவார். அது உனக்குக் கிடைக்க நான் விடமாட்டேன்.

நல்ல ஞாபகசக்தியோடு நூறு வயது இரு.

உன் அக்கா