புது மைக்கில் கேட்டது

ஞாயிற்றுக்கிழமை

பின்னேரம் வயலின் மாஸ்டரும் அவரின்ரை மனிசியும் என்ரை ஸ்ரூடியோவுக்கு வந்தவை. கனடாவிலை இருக்கிற மகளின்ரை பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு வாசிச்சு அனுப்ப வேணுமாம். புது மைக்கைக் காட்டுற ஆசையிலை, அதையும் பழசையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பதிஞ்சன். சத்தம் வருமெண்டு ஃபானையும் நிப்பாட்டினன். மூண்டு பேருக்கும் வேர்த்து ஒழுகிச்சுது.

போட்டுக் காட்டினன். பழசிலை வயலின் மூக்கடைச்ச மாதிரி. புதுசிலை வில்லு உரசிறதுகூடத் தெளிவு. மாஸ்டரின்ரை மூச்சு இளைப்பும் அப்பிடியே கேட்டுது.

"பழசையே அனுப்பும் தம்பி."

"புதுசுதான் திறம் மாஸ்டர். இளைப்பை நான் குறைச்சு விடுறன்."

"வேண்டாம். அவள் கண்டுபிடிச்சிடுவள். பிறகு வேலையை விட்டிட்டு வெளிக்கிட்டு வந்திடுவள்."

எனக்கு எரிச்சல்தான். மைக் வாங்கினதே இதுக்குத்தானே. பழசை அனுப்பினன்.

வாசல் படலையடியிலை மாஸ்டர் மோட்டார் சைக்கிளைத் திருப்பேக்கை மனிசி கிட்ட வந்து மெல்லமாச் சொன்னா: "மற்றதை என்ரை போனுக்கு அனுப்பிவிடும் தம்பி. ஒண்டையும் குறைக்க வேண்டாம்."

ராத்திரி, இப்பதான் அனுப்பினன். உடனையே பாத்திட்டா.

கனடாவிலை இப்ப பகல்; மகள் முழிப்பாத்தான் இருப்பள்.