வெங்காயத் தோல் தண்ணீரும் அப்பாவின் மாத்திரையும்

கரங்கான்,
12.8.1984

அன்பு மகள் ஜெனவீவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கிளாஸ்கோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் கேட்கிறேன்.

வெங்காயத் தோலில் உள்ள மஞ்சள் சத்தைக் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தோடு சேர்த்தால் உறைவது குறைகிறது என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை எழுதியிருந்தாய் அல்லவா, அந்தக் கடிதத்தை அப்பா பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று வாசித்துக் காட்டினார். பிரசங்கத்துக்குக்கூட அத்தனை பேர் காது கொடுத்ததில்லை. குடித்தால் அந்தச் சத்து இரத்தத்தில் சேருமா என்று இன்னும் தெரியாது, மாத்திரையை விடக் கூடாது என்று நீ கீழே எழுதிய வரிகள் வந்தபோது மட்டும் அவருக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே, காலில் இரத்தக் கட்டிக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டதாகப் பரஞ்சோதி கடையில் அறிவிப்பு. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணிக்கு வேறு என்ன வேலை. வீட்டில் சட்டி சட்டியாகத் தோல் வேகிறது, திரைச்சீலைகூட வெங்காயம் மணக்கிறது. நான் சண்டை போட்டதில் மகளின் படிப்பை நம்பாத தாய் என்ற பட்டம் கிடைத்தது. அப்புறம்தான் கவனித்தேன், புட்டியில் மாத்திரை குறைந்துகொண்டே வருகிறது. அன்றைக்குரியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோழிக்குத் தீனி போடுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் விழுங்குகிறார். கால் சுகமானால் பேர் உனக்கு வர வேண்டும், மாத்திரைக்குப் போய்விடக் கூடாது. நானும் தெரியாததுபோல இருந்துவிட்டேன்.

எஸ்டேட் லாரி ஓட்டிய பிச்சைக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. அவர் அப்பாவை நம்பி நிஜமாகவே நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை அவர் மனைவி காளியம்மா ஓடி வந்து, வீட்டுக்காரருக்குக் கால் வீங்கி மினுமினுக்கிறது என்றாள். நாங்கள் டாக்சியோடு போய் நின்றால் பிச்சை அசையவில்லை, வெங்காயத் தண்ணீரை இரண்டு வேளையாகக் கூட்டினால் போதும் என்கிறார். "கிராணி ஐயாவே மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு நல்லாத்தானே நடக்குறாருலா, எனக்கு மட்டும் எதுக்கு?" அப்பா சட்டைப் பையிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்து, பிச்சையின் தண்ணீரை வாங்கி அவர் கண்முன்னாலேயே விழுங்கினார். "நான் ஒரு நாளும் விட்டதில்ல பிச்சை. ஏறு வண்டியில." பிச்சை தப்பித்தார் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அப்பா பார்க்கப் போனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாராம்.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை இல்லாமல் வெளியே போகாதே. மாதா உன்னைக் காப்பாற்றுவாள். இனிமேல் முக்கியமான வரியை முதலில் எழுது, அப்பா கீழ்வரை வாசிப்பதில்லை. மாத்திரைப் புட்டி இப்போது சாப்பாட்டு மேசைமேலேயே இருக்கிறது. கோழிக்குத் தீனி போடுகிற வேலைதான் என் தலையில் விழுந்துவிட்டது.

உன் அம்மா,
கேதரின்