படகு கழுவிய தண்ணீர்

1969, ஆடி வெள்ளி, இரவு

இவர் குறட்டை விடுகிறார். எனக்குத்தான் தூக்கமில்லை.

கூழ் ஊற்றுகிற நாள் என்று காலையில் எங்கள் மீன்படகைக் கழுவினார், மஞ்சள் குங்குமம் வைக்க. எப்போதும் கரையில் ஏற்றி, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்போம். இன்றைக்கு, தான் வேலை பார்க்கிற ஃபேக்டரியில் மெஷின் கிரீஸைக் கழுவுகிற காஸ்டிக்கை ஒரு டின் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து, படகு தண்ணீரில் நிற்கும்போதே ஊற்றினார். ஏரியோ வற்றிக் குட்டையாகக் கிடக்கிறது.

"வாணாங்க, ஜனங்கோ குடிக்கிற தண்ணி" என்றேன்.

"பூஜ நாளும் அதுமா அழுக்குப் படகயா வெக்கறது? சும்மா கெட."

மதியம் மீன்கள் செத்து மிதந்தன. பக்கத்து வீட்டு முனியம்மாக்கா மார்பில் அடித்துக்கொண்டாள். "ஆத்தாளுக்கு இன்னா கோவமோ தெர்லியே!" ஊரே அதைத்தான் சொன்னது. இவரும் தலையாட்டினார், வெட்கமில்லாமல். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். கையைப் பிடித்து நெரித்தார். "வேல பூடும்டீ."

ஆத்தா கோபம் தணிய நாளைக்கு மறுபடி கூழாம், அதே தண்ணீரில். முத்தாபுதுப்பேட்டைப் பூசாரிக்கு ஆள் போயிருக்கிறது. தீட்டுப் போக எங்கள் படகையும் மறுபடி கழுவ வேண்டுமாம்.

டின்னில் பாதி மிச்சமிருக்கிறது. இவர் தூங்கியதும் கொட்டிவிட எடுத்துப் போனேன். மூடியைத் திறந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் கொல்லைச் சாக்கடை ஏரிக்குத்தான் போகிறது. தெருவில் கொட்டினாலும் மழை வந்தால் அங்கேதான்.

திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இதோ காலடியில் இருக்கிறது. விடிந்ததும் தேடுவார்.