பொட்டு வைத்த ஆயில் டப்பா

என் செல்ல அண்ணா,

நீ போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜை நேற்று முடிந்தது. உன் போட்டோவுக்கு மாலை போட்டேன், நம் மெக்கானிக் ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டேன், எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்தேன். நல்லபடியாக நடந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்கு இன்னும் அருவருப்பு அடங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தக் கன்னடக்கார வேன் டிரைவர் நஞ்சப்பாவை நினைவிருக்கிறதா? ஒக்கலிபுரத்தில் நம் ஷெட்டைத் தவிர வேறெங்கும் வண்டியை விடாத மனுஷர். அவர் வேனில் பவர் ஸ்டியரிங் பம்ப் போய்விட்டது. பூஜைக்கு மறுநாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மாதேஸ்வர மலைக்குப் போக வேண்டும். பம்ப்பை மாற்றியது நீயே பார்த்துக் கட்டிவைத்த உன் அருமை மாப்பிள்ளை, அதாவது என் புருஷன்.

பூஜை முடிந்தது. வேனுக்கு மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நஞ்சப்பா பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். ஸ்டியரிங் முனகியது. நீ கேட்டிருந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருப்பாய்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, பானெட்டைத் தூக்கி, ஸ்டியரிங் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்தேன். சிவப்பாகத் தெளிவாக இருக்க வேண்டியது, எச்சில் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி கறுத்து நுரைத்துக் கிடந்தது. தீய்ந்த வாடை வேறு.

"என்னாங்க இது, பழைய ஆயிலா?"

"வடிகட்டித்தான் ஊத்தினேன். நல்லாத்தானே இருந்திச்சு?"

எதில் வடிகட்டினார் தெரியுமா? அவருடைய கிழிந்த பனியனில்! பழைய பம்ப் தேய்ந்து உதிர்த்த தூளெல்லாம் அதில்தான் மிதக்கிறது. உள்ளே இருந்த காற்றையும் எடுக்கவில்லை. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பி, இறங்க இறங்க ஆயிலை நிரப்பி, நுரை அடங்கும்வரை நிற்க ஐயாவுக்குப் பொறுமை ஏது? பூஜைக்கு நேரமாகிவிட்டதாம்.

"சரி, இப்ப செய்ங்க."

"ஜாக்கியைப் பூஜையில வெச்சாச்சுடி. இன்னைக்குத் தொடக்கூடாது. சாமி குத்தம் ஆயிடும்."

திரும்பிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் ஜாக்கி, ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. பக்கத்தில், அண்ணா, நஞ்சப்பா வாங்கிக் கொடுத்த புது ஸ்டியரிங் ஆயில் டப்பா! சீல்கூடப் பிரிக்கவில்லை. அதற்கும் பொட்டு, பூ. சாமிக்குப் புதுசு, மலை ஏறுகிற ஜனங்களுக்குக் கழிவு. இதற்குப் பெயர் பக்தியா? சீ!

"நாளே பெட்ட ஹத்தபேக்கு கணம்மா" என்றார் நஞ்சப்பா. நாளைக்கு மலை ஏறியாக வேண்டும் என்று அவர் சொல்லும்போதே முகம் வெளுத்திருந்தது. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் இறுகிப்போனால் என்ன ஆகும்?

நான் போய் ஜாக்கியை எடுத்தேன்.

"ஏய், அறிவு இருக்குதா உனக்கு? இன்னைக்கு இன்னா நாளு?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். நான் காதில் வாங்கவில்லை. சாக்கடை ஆயிலை வடித்தேன். பொட்டு வைத்த டப்பாவை உடைத்தேன். நஞ்சப்பா ஸ்டியரிங்கைத் திருப்ப, நான் தொட்டியைப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். முதலில் ஊற்றியது கலங்கி வந்தது. அதையும் வெளியே விட்டு மறுபடி நிரப்பினேன். நுரை அடங்கிய பிறகு இன்ஜினைப் போடச் சொன்னேன். முனகல் இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இன்று நஞ்சப்பா மலை மேலிருந்து போன் செய்தார். "ஸ்டியரிங் பெண்ணெ தரா இதெ கணம்மா" என்றார். வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் உன் மாப்பிள்ளையிடம் சொன்னேன். மனுஷர் பொரியை மென்றுகொண்டே, "பாத்தியா? நேத்து அந்த ஆட்டம் ஆடினியே, சாமி காப்பாத்திச்சு பாரு" என்கிறார்.

இந்த ஆளோடு நான் எப்படிக் காலம் தள்ளுவது, சொல்.

ஷெட் வாசல் பலகையில் இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது. அது இருக்கும்வரை, நான் மூடியைத் திறந்து பார்க்காமல் ஒரு வண்டியும் வெளியே போகாது. என்னால் முடியாமல் போனால் அந்தப் பலகையை நானே இறக்கிவிடுவேன், கவலைப்படாதே.

அவருக்குப் பெண்டாட்டி என்று எழுத இன்றைக்குக் கை கூசுகிறது. ஆகவே,

உன் தங்கை மட்டுமான,
தேவகி